தீடா பாராவின் பாம்புக் கச்சை: 1917இல் அதை எப்படி அனுமதித்தார்கள்?

நீங்கள் பார்த்த புகைப்படம் எது என்று உங்கள் வர்ணனையிலேயே தெரிந்துவிட்டது. தலையில் எகிப்திய மகுடம், கண்ணைச் சுற்றித் தீட்டிய மை, மார்பில் இரண்டு பாம்புகள் சுருண்டு கிடப்பது போன்ற உலோகக் கச்சை, இடுப்புக்குக் கீழே கால் தெரியும் மெல்லிய துணி. 1917இல் வந்த கிளியோபாட்ரா என்ற மௌனப் படத்துக்காக அமெரிக்க நடிகை தீடா பாரா எடுத்துக்கொண்ட புகைப்படங்களில் ஒன்று அது. அந்தக் காலத்திலேயே இதை எப்படி அனுமதித்தார்கள், இவர் உண்மையில் எகிப்துப் பெண்தானா, படம் ஏன் எங்கேயும் கிடைக்கவில்லை என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே சந்தேகம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பழைய நடிகைகள் எல்லாரும் கழுத்துவரை மூடிக்கொண்டு நடித்தார்கள், வருடம் ஏற ஏற உடை குறைந்தது என்று நம் மனதில் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தப் புகைப்படம் அந்தக் கணக்கைக் கலைத்துவிட்டது. கணக்குதான் தப்பு. மேடை நாடகத்துக்கும் நாட்டிய நாடகத்துக்கும் உடை தயாரிக்கும் தொழிலில் பல வருடங்களாக இருக்கிறேன். மௌனப் பட உடைகளைத் தேடிப் பார்ப்பது அந்தத் தொழிலோடு ஒட்டிக்கொண்ட ஆர்வம். துணி, உலோகம், வெளிச்சம் பற்றி என் கை அனுபவத்திலிருந்து சொல்வேன். அமெரிக்கத் தணிக்கை பற்றிச் சொல்வதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது.

முதலில் ஆளைப் பற்றி. அவர் எகிப்தியர் இல்லை. இயற்பெயர் தியோடோசியா பர் குட்மன். 1885இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், சின்சினாட்டியில் பிறந்தவர். அப்பா போலந்திலிருந்து வந்த யூதர், தையல் தொழில் செய்தவர். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் சில காலம் படித்துவிட்டு நியூயார்க் நாடக மேடைக்குப் போய், அங்கே பெரிதாக ஒன்றும் அமையாமல் சில வருடங்கள் அலைந்தார். சஹாராவின் மணலில் பிறந்தவர், அரபு ரத்தம் ஓடுகிறது, மாய மந்திரம் தெரியும் என்பதெல்லாம் அவரை வைத்துப் படம் எடுத்த ஃபாக்ஸ் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவு உட்கார்ந்து எழுதிய கதை. பெயரின் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றினால் ‘அராப் டெத்’ என்று வரும் என்று அவர்களே கண்டுபிடித்துப் பத்திரிகைகளுக்குச் சொன்னார்கள். உண்மையில் தீடா என்பது தியோடோசியாவின் சுருக்கம், பாரா என்பது தாய்வழிக் குடும்பத்தில் இருந்த பெயர். 1917இல் குடும்பமே சட்டப்படி அந்தப் பெயருக்கு மாறிக்கொண்டது.

சிகாகோ பத்திரிகையாளர் சந்திப்பு பற்றி ஒரு கதை எல்லாக் கட்டுரையிலும் வரும். கறுப்புத் திரை தொங்கவிட்ட அறை, மூச்சு முட்டும் சூடு, கனத்த உடையில் பாரா. நிருபர்கள் போனதும் திரையை விலக்கி ஜன்னலைத் திறந்து ‘காற்று வேண்டும்’ என்றாராம். இதைப் பின்னாளில் எழுதியவர் லூயெல்லா பார்சன்ஸ் என்ற சினிமாப் பத்திரிகையாளர். நடந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் ஒரே ஒருவரின் நினைவு அது. பிறந்த ஊர், அப்பாவின் தொழில் போன்றவற்றை நம்பும் அதே அளவுக்கு இதை நம்பக்கூடாது.

அவரைத் தூக்கி நிறுத்திய படம் 1915 ஜனவரியில் வந்தது, ‘எ ஃபூல் தேர் வாஸ்’. குடும்பஸ்தன் ஒருவனை மயக்கி, பணம், பதவி, மானம் எல்லாவற்றையும் உறிஞ்சிவிட்டுப் போகும் பெண்ணின் கதை. ‘வேம்ப்’ வேடம் அமெரிக்கத் திரையில் வேரூன்றியது இதற்குப் பிறகுதான். இந்தப் படம் முழுசாகக் கிடைக்கிறது. நீங்கள் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் உடையில் கவர்ச்சி என்று சொல்ல அனேகமாக ஒன்றும் இல்லை. 1914ஆம் வருடத்துப் பணக்காரப் பெண் போட்டுக்கொள்ளும் நீள உடை, அகலத் தொப்பி, ரோமத் துண்டு. கப்பல் தளத்தில் ஒரு காட்சி வரும். அவள் கைவிட்ட பழைய காதலன் துப்பாக்கியை நீட்டுகிறான். அவள் கையில் இருக்கும் ரோஜாவால் துப்பாக்கியைத் தட்டிவிட்டுச் சிரித்து, ‘என்னை முத்தமிடு, முட்டாளே’ என்கிறாள். அவன் தன்னையே சுட்டுக்கொள்கிறான். அந்தக் காட்சியில் துணிச்சல் முழுவதும் தோளிலும் தாடையிலும் இருக்கிறது. உடல் பின்னால் சாயவில்லை, கண் தாழவில்லை. அதே சமயத்தில் எடுத்த விளம்பரப் படங்களில் தலைமுடியை விரித்துப் போட்டு, ஓர் ஆணின் எலும்புக்கூட்டுக்கு மேல் குனிந்து உட்கார்ந்திருப்பார். மக்கள் பேசிக்கொண்டது அந்தப் படங்களைத்தான்.

அந்த வெற்றியை வைத்து வில்லியம் ஃபாக்ஸ் தன் நிறுவனத்தைக் கட்டி எழுப்பினார். 1915இல் மட்டும் கிட்டத்தட்ட மாதத்துக்கு ஒரு படம் என்ற வேகத்தில் பாரா நடித்திருக்கிறார். அவற்றில் பெரும்பாலானவை நியூஜெர்சியின் ஃபோர்ட் லீ பகுதியில் எடுக்கப்பட்டவை. கார்மென், ‘ஈஸ்ட் லின்’, ஜூலியட் என்று வேறு மாதிரி வேடங்களும் செய்தார். தான் கெட்ட பெண்ணாக மட்டும் தெரிவதில் அவருக்கு வருத்தம் இருந்தது, பேட்டிகளிலும் அதைச் சொன்னார். ஆண்கள் பெண்களுக்குச் செய்யும் கொடுமைக்குப் பழிவாங்கும் பாத்திரமாகத்தான் அந்த வேடத்தைப் பார்க்கிறேன் என்றும் விளக்கினார். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. உடையைப் பற்றி மட்டும் பேசினால் ஒரு நடிகையைத் துணி மாட்டும் பொம்மையாக்கிவிடுவோம்.

1917இல் கலிஃபோர்னியாவுக்குப் போய் நடித்த முதல் பெரிய படம் கிளியோபாட்ரா. இயக்கியவர் ஜே. கோர்டன் எட்வர்ட்ஸ், பாராவின் படங்களில் பாதிக்கு மேல் அவர் இயக்கியவைதான். 5 லட்சம் டாலர் செலவு என்று நிறுவனம் அறிவித்தது. இதைக் கணக்காய்வாளர் சரிபார்த்த தொகையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், விளம்பரத்தில் சொன்ன தொகை. படம் பெரிய அளவில் ஓடியது என்பது மட்டும் சந்தேகமில்லாத விஷயம். உச்சத்தில் அவருக்கு வாரம் 4,000 டாலர் சம்பளம் என்று சொல்வார்கள்.

இப்போது உடைக்கு வருகிறேன். அந்தப் பாம்புக் கச்சையைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு மார்பிலும் ஒரு சுருள், வெளிவட்டத்திலிருந்து நடுவை நோக்கிச் சுற்றிக்கொண்டே போகிறது. ஓரத்தில் பாம்பின் தலை. சுருளுக்கும் சுருளுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது, அதுதான் பார்ப்பவரைத் திடுக்கிட வைக்கிறது. தொழில் தெரிந்தவர் பார்த்தால் உடனே ஒரு கேள்வி வரும்: இது எப்படி நிற்கிறது? வளைத்த கம்பியோ தகடோ தன்பாட்டுக்கு உடம்பில் நிற்காது. ஒரு மூச்சு இழுத்துவிட்டால் நழுவும். நாட்டிய நாடகத்தில் உலோக மார்க்கவசம் செய்யும்போது நாங்கள் படும் பாடு இதுதான். ஒன்று, தோளிலும் முதுகிலும் பட்டை வைத்து இழுத்துக் கட்டவேண்டும். இல்லாவிட்டால் உடல் நிறத்தில் இறுக்கமான உள்ளாடையோ வலைத்துணியோ போட்டு, அதில் சுருளைத் தைக்கவேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்வதும் உண்டு. உடல் நிற உள்ளாடை அன்றைக்கு மேடையில் சர்வ சாதாரணம். வட்டரங்கில் குதிரை மேல் நிற்கும் பெண்களும் பாலே ஆடுபவர்களும் அதைத்தான் போட்டார்கள். ஆகவே புகைப்படத்தில் தோல் மாதிரி தெரியும் இடமெல்லாம் தோல்தான் என்று நினைத்துவிடாதீர்கள். சில படங்களில் வெறும் உடம்பு என்று தெளிவாகத் தெரிகிறது, சிலவற்றில் அப்படி முடிவுகட்ட முடியாது. அவர் போட்ட உடையும் ஒன்று மட்டும் இல்லை. மணி கோத்த மார்புப்பட்டை, இறகு வடிவத் தலையணி, தரையில் இழுபடும் மேலங்கி என்று வேறு வேறு உடைகளில் படங்கள் இருக்கின்றன. பாம்புக் கச்சை ஒன்றுதான் ஊர் சுற்றிப் பேர் வாங்கிவிட்டது.

அன்றைய படச்சுருளையும் கணக்கில் எடுக்கவேண்டும். 1917இல் புழக்கத்தில் இருந்த ஆர்த்தோகுரோமேட்டிக் சுருளுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு எல்லாம் கறுப்பாகப் பதியும், நீலம் வெளுத்து வெள்ளையாகிவிடும். உதட்டுச் சாயம் கரிபோல் ஆகும். மஞ்சள் சாயல் கொண்ட தங்கம் கண்ணுக்குத் தெரிவதைவிட மங்கலாக விழும். எனவே நிறத்தை நம்பி உடை செய்ய முடியாது. பளபளப்பு, நிழல், துணியின் நெசவு, உருவத்தின் வெளிக்கோடு, இவைதான் கையில் இருக்கும் சாமான்கள். வெளிச்சத்தை உடைத்துத் திருப்பும் மணி, வளைந்த உலோகம், பின்னாலிருந்து விளக்கு பட்டால் கால் நிழலாகத் தெரியும் மெல்லிய துணி எல்லாம் ஆசையினால் மட்டும் வந்தவை இல்லை, காமிராவும் அதைத்தான் கேட்டது. பாராவின் கண்மையும் அப்படித்தான். சாதாரணமாகத் தீட்டியிருந்தால் வெளிறிய முகத்தில் கண் காணாமல் போயிருக்கும். அதனால்தான் கன்னம்வரை நிழல் இறங்குகிற மாதிரி அப்பியிருக்கிறார்கள். அவரது அந்த வருடங்களின் படங்களுக்கு உடையும் அரங்கமும் வரைந்தவர்களில் ஜார்ஜ் ஜேம்ஸ் ஹாப்கின்ஸ் ஒருவர். அப்போது அவருக்கு வயது இருபதை ஒட்டித்தான். பின்னாளில் அரங்க அலங்காரத்துக்காக நான்கு ஆஸ்கர் வாங்கினார்.

இந்த உடைக்கும் உண்மையான கிளியோபாட்ராவுக்கும் சம்பந்தம் கிடையாது. அவர் மாசிடோனியக் கிரேக்க வம்சம். அவர் காலத்து நாணயங்களில் முடியைப் பின்னால் கொண்டையாகக் கட்டி, நெற்றியில் ஒரு பட்டையோடு கிரேக்க அரசியாகத்தான் இருக்கிறார். எகிப்தில் துத்தன்காமனின் கல்லறை கிடைத்த பரபரப்பில் பிறந்த உடை இது என்று சிலர் எழுதுகிறார்கள். அது 1922 நவம்பரில் கிடைத்தது, படம் வந்து ஐந்து வருடம் கழித்து. வேரைத் தேடவேண்டிய இடம் ஐரோப்பிய மேடை. மாட் ஆலன் என்ற நடனக்காரி 1906இல் வியன்னாவிலும் 1908இல் லண்டனிலும் மணி கோத்த மார்க்கச்சையும் மெல்லிய பாவாடையும் அணிந்து, வேதாகமக் கதையில் வரும் சலோமியின் நடனத்தை ஆடினார். 1909இல் பாரிஸில் ரஷ்ய பாலே குழு கிளியோபாட்ராவையே மேடையேற்றியது, உடை வரைந்தவர் லியோன் பாக்ஸ்ட். அந்தக் குழு 1916இல் அமெரிக்காவுக்கும் வந்து போனது. ஆக 1917இல் நியூயார்க்கில் கொஞ்சம் வசதியான ரசிகருக்கு இந்த உடை புதுசு இல்லை. சினிமா அதைச் சில்லறைக் காசுக்குச் சின்ன ஊர்களுக்கும் கொண்டுபோனது, பிரச்சினை அங்கே ஆரம்பித்தது. திரையிலும் பாரா முதல் ஆள் இல்லை. ஆஸ்திரேலிய நீச்சல் வீராங்கனை அனெட் கெல்லர்மன், 1916இல் இதே ஃபாக்ஸ் நிறுவனத்தின் படத்தில் உடையின்றித் தோன்றியிருக்கிறார். ‘ஹாலிவுட்டில் முதன்முதலில் துணிந்தவர்’ என்று பாராவைப் பற்றி எழுதியிருந்தால் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

அனுமதி விஷயம். அன்றைக்கு அமெரிக்கா முழுவதற்கும் ஒரே தணிக்கை என்று எதுவும் இல்லை. பென்சில்வேனியா, ஓஹையோ, கன்சாஸ், மேரிலாந்து போன்ற சில மாநிலங்களுக்குத் தனித் தணிக்கை வாரியங்கள் இருந்தன. சிகாகோ நகரில் 1907இலிருந்தே காவல்துறை படங்களைப் பார்த்து அனுமதி தந்தது. இந்த வாரியங்கள் செல்லுமா என்ற வழக்கில், 1915 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சினிமா வெறும் வியாபாரம், பேச்சுரிமைப் பாதுகாப்பு அதற்குக் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னது. எனவே ‘அனுமதித்தார்கள்’ என்பதைவிட, ஓர் ஊரில் வெட்டினார்கள், இன்னோர் ஊரில் விட்டார்கள் என்பதுதான் நடந்தது. கிளியோபாட்ராவிலும் சிகாகோவில் காட்சிகளை வெட்டினார்கள். அந்த நகரத்தின் வெட்டுப் பட்டியல்களை, எத்தனையாவது சுருளில் எந்தக் காட்சி என்பதுவரை, சினிமா வியாபாரப் பத்திரிகைகள் வாராவாரம் அச்சிட்டன. படம் அழிந்துபோன பிறகு, அதில் என்ன இருந்தது என்று நமக்குச் சொல்லும் சாட்சிகளில் இந்தப் பட்டியலும் ஒன்றாகிவிட்டது. அடுத்த வருடம் வந்த சலோமியில் பாராவின் உடைக்குத் தேவாலயங்களிலிருந்து கடும் எதிர்ப்பு கிளம்பியது.

இத்தனைக்கும் நடுவில் இந்தப் படங்கள் ஓடியதற்கு என் கணிப்பில் முக்கியக் காரணம் கதை. கிளியோபாட்ராவும் சலோமியும் வரலாறும் வேதாகமமும் தந்த பெயர்கள். ஓவியர்கள் ஏற்கெனவே அவர்களை அப்படி வரைந்து கண்காட்சிகளில் மாட்டியிருந்தார்கள். கடைசியில் அந்தப் பெண் செத்துப்போகிறாள், அதனால் ஒழுக்கத்துக்கும் பதில் சொல்லியாகிவிட்டது. அதே கச்சையை அன்றைய நியூயார்க் பெண் ஒருத்தியின் வேடத்துக்குப் போட்டிருந்தால் ஒரு வாரியமும் விட்டிருக்காது. எழுத்தில் இருந்த கட்டுப்பாட்டு விதிகள் 1930இல் வந்தன, 1934 நடுவிலிருந்துதான் கறாராக அமலாயின. உங்கள் மனதில் இருக்கும் ‘மூடிய உடைப் பழைய ஹாலிவுட்’ என்பது பெரும்பாலும் அந்த 1934க்குப் பிந்திய காலம். முதலில் திறந்திருந்தது, பிறகு மூடினார்கள், மறுபடி 60களில் திறந்தது.

படம் ஏன் கிடைக்கவில்லை? அன்றைய சுருள்கள் நைட்ரேட்டில் செய்தவை. நாள்பட நாள்பட அந்தப் பொருள் சிதைந்து வாயுவைக் கக்கும், வெயில் காலத்தில் தானாகவே பற்றிக்கொள்ளும். பற்றினால் தண்ணீருக்கு அடங்காது. 1937 ஜூலை 9 அன்று நியூஜெர்சியின் லிட்டில் ஃபெரியில் ஃபாக்ஸின் சேமிப்புக் கிடங்கு அப்படித்தான் எரிந்தது. 40,000க்கும் மேற்பட்ட சுருள்கள் போயின, பக்கத்தில் குடியிருந்த ஒரு சிறுவன் உயிரிழந்தான். பாரா நடித்த நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களில் முழுசாக மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. கிளியோபாட்ராவில் மிஞ்சியது சில துண்டுகள் மட்டும். 2023இல்கூட ஒரு சின்னத் துண்டு வெளிவந்தது. எல்லாவற்றையும் ஒட்டினாலும் இரண்டு மணி நேரப் படத்தில் ஓரிரு நிமிடம்தான் தேறும். சலோமியிலும் ஸ்பெயினில் கிடைத்த சில நிமிடங்கள்தான். அவருக்குப் பின் அதே நிறுவனம், அதே இயக்குநர், 1921இல் பெட்டி பிளைத்தை வைத்து இன்னும் மெல்லிய உடைகளில் எடுத்த ஷீபா அரசி படமும் அதே கதிதான்.

இங்கேதான் என்னைப் போன்றவர்கள் சொல்லக்கூடியதற்கு ஓர் எல்லை வருகிறது. நீங்கள் பார்த்தது படத்தின் சட்டகம் இல்லை. தனிக் காமிராவில், நிற்கவைத்து, விளம்பரத்துக்கென்றே எடுத்த புகைப்படம். உடை என்பது ஆள் நடக்கும்போது, உட்காரும்போது, கை தூக்கும்போதுதான் உடை. பாம்புச் சுருள் நடிப்பில் எத்தனை நேரம் வந்தது, தூரத்திலிருந்தா பக்கத்திலிருந்தா, மேலே அங்கி இருந்ததா என்பதைப் புகைப்படத்தை வைத்துத் தீர்ப்பு சொல்வது தொழில் தர்மம் ஆகாது. படத்தைப் பார்த்த மாதிரி வர்ணிக்கும் கட்டுரைகளை நம்பாதீர்கள்.

பாராவின் திரைவாழ்க்கை சீக்கிரமே முடிந்தது. ஒரே வேடத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்து நிறுவனம் அவரைக் கறந்துவிட்டது. 1919இல் ஐரிஷ் கிராமப் பெண்ணாக நடித்தபோது அமெரிக்க ஐரிஷ்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த வருடமே ஃபாக்ஸை விட்டார். 1920இல் நடித்த நாடகத்தை விமர்சகர்கள் கிழித்தாலும் கூட்டம் வந்தது, அவரைக் கண்ணால் பார்க்கவே வந்தது. 1921இல் இயக்குநர் சார்ல்ஸ் பிராபினை மணந்தார், 1925இலும் 1926இலும் சில படங்களில் தலைகாட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். அவர் குரல் எந்தப் பேசும் படத்திலும் இல்லை. 1955 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸில் புற்றுநோயால் இறந்தார்.

நீங்கள் அவரை அசைவில் பார்க்க விரும்பினால் ‘எ ஃபூல் தேர் வாஸ்’ படத்திலிருந்து தொடங்குங்கள். காப்புரிமை முடிந்த படம், இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. தெளிவில்லாத பிரதிகளும் சுற்றுகின்றன, முகம் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் வேறு பிரதி தேடுங்கள். முதல் தடவை கதைக்காகப் பாருங்கள். அப்புறம் பிரதியில் சேர்த்திருக்கும் இசையை அணைத்துவிட்டு, அவர் வரும் காட்சிகளில் தொப்பி விளிம்பையும் கையையும் மட்டும் கவனியுங்கள். விளிம்பின் நிழலை எந்த நொடியில் கண்ணிலிருந்து விலக்குகிறார் என்பதில் நிறைய வேலை இருக்கிறது. அதற்குப் பிறகு கிளியோபாட்ரா துண்டுகளைப் பார்த்தால், ஓரிரு நிமிடத்திலும் எதைத் தேடவேண்டும் என்று உங்களுக்கே பிடிபடும்.